பதினோராம் நம்பர் பூட்ஸ்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கண்டுபிடித்த மாதிரிச் சொல்ல வேண்டாம். எங்கள் கட்டிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பட்டாசு என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். லிப்ட் கதவைச் சாத்தாமல் போகிறவனையும் படிக்கட்டில் துப்புகிறவனையும் இரண்டு வார்த்தை கேட்காமல் விட என்னால் முடியாது. கேட்டால் பட்டாசாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன் மேசை வேலை எனக்கு. போன் எடுப்பது, டோக்கன் கொடுப்பது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களிடம் "இன்னும் ரெண்டே பேர்தான்" என்று கூசாமல் பொய் சொல்வது. எங்கள் டாக்டருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முன்னொரு தடவை யாரோ ஒருவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போய்த் தெருமுனையில் மயங்கி விழுந்துவிட்டார். அன்றிலிருந்து வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்குப் பல் எடுக்கப்படமாட்டாது. தினமும் காலையில் அதை ஈரத்துணியால் துடைப்பவள் நான்தான்.

ஆகவே என் மேசைக்கு முன்னால் வருகிறவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். வாய் வீங்கினவர் ஒருவர், அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்பேன். நான் மகள், நான் மச்சான், நான் இவர் சம்சாரம் என்று யாராவது ஒருவர் முன்னால் வருவார். வருஷக் கணக்காக இதையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. உலகத்தில் எல்லாருக்கும் பையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டிடத்துக்கு வந்தேன். குழந்தை கிடையாது. தம்பி ஒருவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான், நினைத்துக்கொண்டால் போனில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்புவான். நானும் பதிலுக்கு ஒரு பூங்கொத்து அனுப்புவேன். அத்தோடு சரி, அக்கா தம்பி பாசம் அடுத்த பூங்கொத்துவரை தாங்கும்.

இப்போது பூட்ஸ் கதைக்கு வருகிறேன். மேல்மாடிக்காரர் ஒருவருடைய சைக்கிள் காணாமல் போனது. மறுநாளே அது இரண்டு சைக்கிள் ஆயிற்று. வார முடிவில், பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டையே வழித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். எந்த வீடு, எந்தப் பெண் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அது தெரியுமாம். கட்டிடத்தின் செக்ரெட்டரி கீழ்த்தளத்தில் மீட்டிங் போட்டார்.

"இப்பெல்லாம் திருட்டு ரொம்ப ஜாஸ்தி. தனியா இருக்கிற வீடாப் பார்த்துத்தான் வர்றான்" என்றார். "நம்ம பில்டிங்ல அப்படி யாரும் இல்ல, ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் குடும்பமா இருக்கோம். இருந்தாலும் சொல்லி வெக்கிறேன். வாசல்ல நாலு செருப்பு கிடக்கட்டும். ஆம்பள செருப்பு, குழந்தை செருப்பு. பார்த்தா உள்ள கூட்டம் இருக்குன்னு தெரியணும்."

நான் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாரும் குடும்பஸ்தர்கள் மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் இங்கே தனி மரம் என்று நினைத்தபோது காது இரண்டும் சூடாயிற்று. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இவன் எங்க போனான் இன்னும் காணோம்" என்று முணுமுணுத்தேன். எவன்? எனக்கே தெரியாது. இப்படித்தான் எனக்கு மகன் பிறந்தான்.

சைக்கிள் பிறகு கிடைத்துவிட்டது. அதன் சொந்தக்காரரே ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு மறந்துபோயிருந்தாராம். அதைச் சொல்ல யாரும் மீட்டிங் போடவில்லை.

அதற்குள் நான் பூட்ஸ் வாங்கிவிட்டேன். கணவருடைய செருப்பு அலமாரியில் இருக்கத்தான் இருந்தது, ஆனால் அவருக்குப் பெண்பிள்ளை மாதிரிச் சின்னக் கால். அதைப் பார்த்தால் திருடன் உள்ளே வந்து உட்கார்ந்து டீ கேட்பான். சந்தையில் பழைய சாமான் குவித்து விற்கிறவனிடம் பதினோராம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கிடைத்தது. கறுப்பு, முன்பக்கம் இரும்புத் தகடு, ஒவ்வொன்றும் ஒரு பூனைக்குட்டி கனம். "யாருக்கும்மா?" என்றான். "என் பையனுக்கு" என்றேன். "வாட்டசாட்டமான பையன்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது, சிரிக்காதீர்கள், நிஜமாகவே பெருமையாக இருந்தது.

சும்மா போட்டு வைத்தால் யார் நம்புவார்கள்? தினமும் கோணத்தை மாற்றுவேன். ஒரு நாள் நேராக, ஒரு நாள் ஒன்று கவிழ்ந்து, ஒரு நாள் அவசரமாக உதறிவிட்டுப் போன மாதிரி. சாமான் கொண்டுவருகிற பையன் மணி அடித்தால் உள்ளே திரும்பி, "டேய், எழுந்திருடா! மணி என்ன ஆச்சு, இன்னும் தூக்கமா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். மழை நாளென்றால், "தலையத் துவட்டுடா, சளி பிடிக்கும்!" வராந்தாவில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் போதும், எனக்கு வசனம் தானாக வரும். திட்டுவதற்கு வீட்டில் ஒருவன் இருப்பது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் மாடியில் ஆறு வீடுகள். எதிர் வீட்டில் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அதனால் எல்லாருக்கும் மாஸ்டர். அவர் வாசலில் அவருடைய செருப்போடு ஒரு ஜோடிக் குட்டி ஷூ கிடக்கும், சிவப்பு, பக்கவாட்டில் பட்டாம்பூச்சி ஒட்டியது. பேத்தியாம். மாலையில் அந்த வீட்டிலிருந்து குழந்தைகள் கத்துகிற சத்தம் வரும். ஒரு நாள் தலைவலி தாங்காமல் நான் செக்ரெட்டரியிடம் புகாரே கொடுத்தேன். மூலை வீட்டில் ஒரு பேங்க் அம்மா. அவள் வாசலில் எப்போதும் பளபளவென்று பாலிஷ் போட்ட ஆண் ஷூ. யார் மணி அடித்தாலும் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்: "ஏங்க, யாருன்னு பாருங்களேன்!" கொஞ்சம் செல்லம், கொஞ்சம் சலிப்பு. அந்த "ஏங்க" என் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன. நான் "ஏங்க" சொல்லி எத்தனையோ காலம் ஆகிறது.

இப்படி மூன்று மழைக்காலம் போயிற்று.

அது ஒரு சனிக்கிழமை. ஆஸ்பத்திரியில் அரை நாள் வேலை முடித்து வந்து முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். சோப்புத் தண்ணீர். கால் எங்கே போனது, தலை எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். இடது இடுப்பில் யாரோ கொதிக்கிற இரும்பை வைத்த மாதிரி இருந்தது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன், அலறினேன், மறுபடியும் படுத்தேன். போன் கூடத்தில், கைப்பைக்குள். முன்கதவு உள்ளே தாழ். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி லீவு. திங்கட்கிழமை நான் போகாவிட்டால்தான் யாராவது ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அதுவரை?

எங்கள் வீடுகளில் குளியலறைக்கு ஒரு சின்ன வென்டிலேட்டர் உண்டு, வராந்தாவைப் பார்த்து, ஆள் உயரத்துக்கு மேலே. வெளியே பேசுவது எல்லாம் உள்ளே கேட்கும். அது போதுமே என்று நினைத்தேன். காலடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். சாயங்காலம் வந்தது. துடைப்பம் தரையில் உரசுகிற சத்தம், கூடவே பேங்க் அம்மாவின் சாவிக்கொத்துச் சத்தம்.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். "தூக்கி விடுங்க! எழுந்திருக்க முடியல!"

துடைப்பம் நின்றது. "என்னம்மா, உள்ள ஏதோ கத்தறாங்க?" என்றாள் கூட்டுகிறவள்.

"அது தெனம் இருக்கிறதுதான்" என்றாள் பேங்க் அம்மா. "பையன எழுப்பறாங்க. பாவம் அந்தப் பையன், ஒரு நாள் நிம்மதியா தூங்க விடறதில்ல."

"இல்லம்மா, தூக்கி விடுன்னு..."

"பூட்ஸ் கிடக்கு பாரு. பையன் உள்ளதான் இருக்கான். ஏதாவதுன்னா அவன் பார்த்துக்க மாட்டானா? குடும்ப விஷயத்துல நாம தலையிட்டா அவ்வளவுதான், பட்டாசு நம்ம மேல வெடிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். துடைப்பம் மறுபடி நகர்ந்தது. கதவு சாத்துகிற சத்தம். நான் தரையில் கிடந்தபடியே அந்த மகனை, இல்லாத மகனை, அவன் பரம்பரையையே திட்டினேன். திட்டியதும் சத்தமாகத்தான் திட்டியிருக்கிறேன், அதுவும் வெளியே கேட்டிருக்கும். கேட்டவர்களுக்கு இன்னும் நிம்மதியாகியிருக்கும்.

அன்று இரவு முழுக்கக் குழாய் சொட்டியது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வாளியில் இருந்த தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தேன். வலியைவிட, இப்படியே போய்விட்டால் வாசலில் பூட்ஸ் கிடக்கிறதே என்று எத்தனை நாள் விடுவார்கள் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. அழுதேன், நன்றாக அழுதேன்.

விடிந்து கொஞ்ச நேரத்துக்குக் காலடிகள் வந்தன, போயின. நான் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று யாரோ சொன்னது கேட்டது. பிறகு எல்லாரும் வெளியே போய்விட்டார்கள் போலிருக்கிறது. வெயில் ஏறி, வராந்தா அடங்கிப் போயிற்று. ஈ பறந்தால் கேட்கும். யாரும் இல்லை என்று தெரிந்தும் நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன், தொண்டையில் பாதிதான் மிச்சம். "வாங்களேன்... யாராவது வாங்களேன்..."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. வென்டிலேட்டருக்குக் கீழே வந்து யாரோ நின்றார்கள். ஒரு தொண்டைச் செருமல்.

"மேடம்" என்றது மாஸ்டரின் குரல், ரொம்பத் தயங்கி. "நடிக்கிறீங்களா, நிஜமாவா?"

எனக்கு வந்ததே கோபம்! "நடிப்பா? என்ன நடிப்பு? இடுப்பு ஒடிஞ்சு நேத்துலேருந்து கிடக்கேன்யா!"

"ஐயையோ. கதவை உடைக்கட்டுமா? உள்ள வேற யாரும் இல்லைன்னு தெரியும், அதான் கேக்கறேன்."

உயிர் போகிற நேரம். கதவை உடை என்றால் முடிந்தது. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "யார் சொன்னது யாரும் இல்லைன்னு? என் பையன் இருக்கான்!"

"சரி மேடம்" என்றார் மாஸ்டர் பணிவாக. "அப்ப அவரைத் திறக்கச் சொல்லுங்க."

குழாய் சொட்டியது. நான் மேலே வென்டிலேட்டரைப் பார்த்தேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"யாரும் இல்ல மாஸ்டர்" என்றேன். "எனக்கு யாருமே இல்ல. உடைங்க."

வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு வந்து உடைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது பார்த்தேன், வராந்தாவில் அந்தப் பூட்ஸ் இரண்டும் நான் கடைசியாக வைத்த கோணத்திலேயே கிடந்தன. லிப்டுக்குப் பக்கத்தில் செக்ரெட்டரி ஓடி வந்து, "பையன் எங்க?" என்றார். மாஸ்டர் கண் இமைக்காமல், "வேலை விஷயமா வெளியூர் போயிருக்காரு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நிமிஷம் அந்த மனுஷனுக்கு என் சொத்து முழுக்க எழுதிக் கொடுத்திருப்பேன், சொத்து இருந்திருந்தால்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து நின்று, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றாள். நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, அதே குரலில், அதே அவசரத்தில். மாஸ்டர் என் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்."

"என்ன உறவு?"

"எதிர் வீடு."

"அது ஒரு உறவா சார்?"

"கிட்ட இருக்கோம்ல" என்றார்.

இடுப்பில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பெண் பகலில் வந்து பார்த்துக்கொண்டாள், மாலையில் மாஸ்டர் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே ஸ்டூலில் உட்காருவார். கதவைத் திறந்தே வைப்பார், ஊர் வாய்க்குப் பயந்து. சில நாள் பொறுத்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மாஸ்டர், பையன் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "போன மழையில மேடம். தலையத் துவட்டுடா, சளி பிடிக்கும்னு கத்தினீங்க. நான் அப்பதான் வெளியேருந்து வந்தேன். பூட்ஸைப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நான் ஒவ்வொரு மழைக்கும் குழாயில பிடிச்சு நனைச்சு வெப்பேன்."

"எதை?"

"பேத்தி ஷூவை."

எனக்குப் புரிய நேரமாயிற்று. மூன்று மழைக்காலமாக அந்தக் குழந்தையின் கால் வளரவேயில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பல் ஆஸ்பத்திரி மேசையில் ஒருவர் வாயைத் திறப்பதற்குள் எந்தப் பல் என்று சொல்கிறவள் நான், எதிர் வாசலில் கிடந்ததைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்தச் சத்தம்? குழந்தைங்க கத்தற சத்தம்? நான் புகாரெல்லாம் குடுத்தேனே!"

"டிவி. நீங்க புகார் குடுத்தப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு மேடம். நம்பறாங்கன்னு." ஸ்டூலில் நெளிந்தார். "மனைவி என்னை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. பிள்ளைங்க இல்ல. ஷூ வாங்கப் போனப்ப கடைக்காரர் எத்தனை வயசுன்னு கேட்டார். ஆறுன்னு சொல்லிட்டேன். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நிஜமாவே வாங்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. கதவைத் திறந்தப்பதான்..."

சற்று நேரம் கழித்து என் கோபம் திரும்பி வந்தது. "தெரிஞ்சும் சனிக்கிழமை ஏன் வரல?"

"வெளிய ஆளுங்க இருந்தாங்க. அவங்களுக்காக நடிக்கறீங்கன்னு நெனச்சேன். அருமையா நடிக்கறாங்கன்னுகூட நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் வராந்தால ஒருத்தர் இல்ல. கேக்க ஆளில்லாதப்ப யாரு நடிப்பா?"

நான் சூப்பைக் குடித்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு. அதைச் சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

சூப் அவரும் குடித்தார், வலது பக்கமாகவே. ரொட்டியைத் தொடவில்லை. இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. மூன்று நாலு மாலைகள் பார்த்துவிட்டு, "வாயைத் திறங்க" என்றேன். கடைவாய்ப் பல் ஒன்று கரிக்கட்டை.

"இதை வெச்சுக்கிட்டா சுத்தறீங்க? எங்க ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடைதானே, வர்றதுக்கு என்ன கேடு?"

"வந்தேனே" என்றார். "ரெண்டு தடவை வாசல்வரைக்கும் வந்தேன். போர்டைப் படிச்சேன். திரும்பிட்டேன்."

துடைத்துத் துடைத்து வைத்த பலகை. உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு, உலகத்தில் எல்லாருக்கும் துணை இருக்கிறது என்று நான் வயிற்றெரிச்சல் பட்டேனே, படித்துவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. எனக்கு அவர் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், என் ஈரத்துணி மேல் கோபம். "நாளைக்குக் கிளம்புங்க" என்றேன். "நான் வர்றேன் துணைக்கு."

"நீங்களே குச்சி ஊனிட்டு நடக்கறீங்க."

"போர்டுல ஆள்னுதான் போட்டிருக்கு. ரெண்டு காலும் சரியா இருக்கிற ஆள்னு போடல."

மறுநாள் மாலை போனோம். என் மேசையில் எனக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தெரியும், ஆனாலும் பழக்க தோஷம், "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றாள். மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட பிள்ளை திரும்பிப் பார்க்குமே, அப்படி. நான் அவர் பையை வாங்கிக்கொண்டு, "நான்தான்" என்றேன். "எதிர் வீடு." பிறகு மேசைக்கு இந்தப் பக்கம், சுவரோரம் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பல் எடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடைக்குள் பாதி, வெளியே பாதியாக நனைந்து வந்து சேர்ந்தோம். மாஸ்டர் வாயில் பஞ்சு, பேச முடியாது, என்னவோ "ம்ம்" என்றார், நானும் "ம்ம்" என்றேன். லிப்டில் பேங்க் அம்மாவும் ஏறினாள், தலையிலிருந்து சொட்டச் சொட்ட.

"என்னங்க இப்படி நனைஞ்சிட்டீங்க?" என்றேன்.

"நான் பரவாயில்ல, எங்க வீட்டுக்காரரை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. குடை எடுக்காமப் போனார், இப்பதான் வீட்டுக்கு வந்துட்டேன்னு போன் பண்ணார். தொப்பலா நனைஞ்சிருப்பார்" என்றாள். "உங்க பையன் எப்ப வர்றார்?"

"வருவான்" என்றேன். இத்தனைக்குப் பிறகும் நாக்கு அப்படித்தான் புரண்டது.

லிப்ட் நின்றதும் அவள் வேகமாகப் போய்விட்டாள். நாங்கள் என் குச்சியின் வேகத்துக்கு மெல்ல நடந்தோம். மாஸ்டர் சட்டென்று நின்று என் கையைத் தட்டினார். பஞ்சு வாயோடு கண்ணாலேயே கீழே காட்டினார்.

மூலை வீட்டு வாசலில் பேங்க் அம்மாவின் செருப்பு தண்ணீர் வடிய வடியக் கிடந்தது, தரையில் சின்னக் குட்டை. பக்கத்தில் வீட்டுக்காரரின் ஷூ. பளபளவென்று, பாலிஷ் மங்காமல், காய்ந்து கிடந்தது.

நான் ஷூவைப் பார்த்தேன், வராந்தாவைப் பார்த்தேன். எல்லாரும் வீடு திரும்புகிற நேரம். கைக்குழந்தைக்காரர்கள் வாசலில் எல்லாமே ஈரம். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஜோடி ஈரம், இரண்டு ஜோடி காய்ந்தது. அதற்கடுத்ததிலும் ஒன்றுதான் ஈரம், மற்றவற்றின் மேல் மெல்லிய தூசிகூட இருந்தது. வீட்டுக்குள் இருக்கிறவர்களுடைய செருப்பாகவும் இருக்கலாம், ஏன் இருக்கக்கூடாது? ஆனால் நானும் மாஸ்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. மூன்று மழைக்காலமாக இந்த வராந்தாவில் நான் ஒருத்தி மட்டும் தனியாக இருந்தேனாம். நன்றாக இருந்தேன்!

மாஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் குச்சியைத் தூக்கி மூலை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல், அதே செல்லம், அதே சலிப்பு. "யாருன்னு பாருங்களேன்!"

யாரும் வந்து பார்க்கவில்லை. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். எத்தனை நேரம் விட்டால் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டு விடுகிற இடைவெளி. இன்னும் கொஞ்சத்தில், அவர் குளிக்கிறார் என்று சொல்லிக்கொண்டு அவளே வந்துவிடுவாள். வந்து சிரிப்பாள், நானும் சிரிப்பேன், என் பையன் வருவான் என்பேன், போய்ப் படுத்துக்கொள்வேன்.

வாயைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். என் குரல் மெதுவாகவும் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவரைக் கூப்பிடாதீங்க" என்றேன். "நீங்களே வாங்க. நான் பட்டாசு. எனக்குப் பையன் கிடையாதுங்க, எப்பவுமே கிடையாது. நான் தனியாத்தான் இருக்கேன்."

உள்ளே காலடி ஒன்று கதவுவரை வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, "இருங்க, திறக்கறேன்" என்றாள்.